அவித்த பேரிக்காயும் மண்ணிறப் பம்பும்

என்னோடு லண்டனில் பள்ளிக்கூடம் போனவர்களே, உங்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. பத்து வயதிலேயே நாங்கள் எல்லோரும் மொழிபெயர்ப்பாளர்கள். ஜீபி என்கிற குடும்ப வைத்தியரிடம், கவுன்சிலில், வங்கியில், எங்கும் அம்மாவுக்கும் எதிரே இருப்பவருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு எங்களை இருத்திவிடுவார்கள். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் எங்களைப் பற்றிச் சொன்ன குறைகளை நாங்களே பாதியாக்கித் தமிழில் சொல்லியிருக்கிறோம். இப்போது முதல் நரைக்குச் சாயம் பூசுகிற வயதுக்கு வந்துவிட்டோம். இனி உண்மையைச் சொன்னால் யாரும் அடிக்க வரப்போவதில்லை. ஆகவே 2009இல் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வடக்கு லண்டனின் எட்மண்டனில், கடைகளுக்கு மேலே இருந்த ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். நான் பிறந்தது ஜெர்மனியில். ஐந்து வயதில் லண்டனுக்கு வந்தோம். அம்மாவிடம் தொழிற்சாலையில் பழகிய ஜெர்மன் நிறைய இருந்தது. லண்டனில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அப்பா பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை செய்தார்.

எனக்குத் தொய்வு இருந்தது. ஆஸ்துமா என்று ஜீபி சொல்லுவார். மழைக்காலம் தொடங்கினால் நெஞ்சுக்குள் யாரோ விசில் அடிப்பதைப் போல ஒரு சத்தம் கேட்கும். இரண்டு பம்ப் தந்திருந்தார்கள். மூச்சு முட்டும்போது இழுப்பதற்கு நீலப் பம்ப். முட்டாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் மண்ணிறப் பம்ப். மண்ணிறத்தை அப்படியே வாயில் வைத்து இழுக்க முடியாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் குடுவையில் செருகி, அதன் மறுமுனையில் வாயை வைத்து மூச்சு வாங்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அந்தக் குடுவையை நான் வெறுத்தேன்.

அம்மா அதை என்னைவிட அதிகமாக வெறுத்தார். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதலில் ஒளிக்கப்படுவது அதுதான். அரிசி வாளிக்குள் போய்விடும். பிறகு நான் வாயை வைக்கும்போது அரிசித் தவிடு மணக்கும்.

"பொம்பிளைப் பிள்ளைக்குத் தொய்வு எண்டு வெளியில தெரிஞ்சால் நாளைக்கு ஆர் வந்து கேப்பினம்?" என்பார் அம்மா. பதினொரு வயதுப் பிள்ளையை யார் பெண் கேட்டு வரப் போகிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. பம்ப் பழகிப்போகும், பழகினால் வாழ்நாள் முழுக்க விட ஏலாது என்று நம்பினார். இது அம்மாவின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. உங்கள் வீடுகளிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார்.

அந்த வருடம் எங்கள் வகுப்பைக் கடற்கரைப் பக்கம் ஐந்து நாள் கூட்டிப்போவதாக இருந்தது. ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம், ஜூலையில் பயணம். இரண்டடுக்குக் கட்டில்களில் யார் மேலே படுப்பது என்று ஜனவரியிலேயே சண்டை பிடித்துக்கொண்டோம். அம்மா ஒரே நிபந்தனை போட்டார்.

"பம்ப் இல்லாமல் இருக்க ஏலுமெண்டால் அனுப்புறன். உந்தக் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கத் திரிய விடமாட்டன்."

அந்த ஐந்து நாட்களை விடப் பெரிதாக எனக்கு அந்த வருடத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. இதைச் சொல்ல இப்போது கொஞ்சம் கூசுகிறது. ஊரில் யுத்தம் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. அப்பா ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகப் பாராளுமன்றத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்துக்குப் போய் ஆர்ப்பாட்டக் கூட்டத்தோடு நின்றார். வந்தாலும் தொலைக்காட்சியின் முன்னால் காலணியைக்கூடக் கழற்றாமல் இருப்பார். ஒரு பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்க வீட்டில் யாருக்கும் காது மிச்சம் இருக்கவில்லை, அம்மாவைத் தவிர.

அம்மா சீன வைத்தியரைக் கண்டுபிடித்தது மார்ச் மாதத்தில். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. கண்ணாடியில் காதின் படம், காலடியின் படம். உள்ளே சுவர் முழுக்க மர இழுப்பறைகள். காய்ந்த தோடம்பழத் தோலும் அதிமதுரமும் கலந்த வாசனை. அம்மா வாசலிலேயே மூச்சை இழுத்துவிட்டு, "எங்கட பரியாரியார் வீட்டு மணம்" என்று ஊர் நாட்டு வைத்தியரை நினைத்துச் சொன்னார்.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண். கறுப்புக் கம்பளிச் சட்டை, ஆண்களைப் போல வெட்டிய தலைமயிர். என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கைகளிலும் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நீண்ட நேரம் இருந்தார். அம்மா என் தொடையில் கிள்ளி, "நாடி பாக்கிறா" என்று மெல்லச் சொன்னார். அந்த இடத்திலேயே அம்மா அவரை நம்பிவிட்டார்.

அவருடைய ஆங்கிலமும் எண்ணி வைத்த சொற்கள்தான். வீட்டுச் சுவர் ஈரமா என்று கேட்டார். ஓம், படுக்கை அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அம்மா வாரா வாரம் பிளீச் போட்டுத் துடைக்கிறார். இதை எந்த ஜீபியும் எங்களிடம் கேட்டதில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு வேர், பட்டை ஒன்றும் தரமாட்டேன், உங்கள் சமையலறையைத்தான் திருத்தப் போகிறேன் என்றார். பிறகு தன் வயிற்றைத் தட்டி, நெஞ்சைத் தட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"வயிறுதான் சளியை உண்டாக்குதாம். நெஞ்சு சும்மா அதை வாங்கி வைச்சிருக்குதாம்."

"பாத்தியே! இதைத்தானே நானும் சொல்லுறனான். ஆர் கேட்டவை?"

அன்று ஒரு கொப்பியில் இரண்டு பட்டியல்கள் எழுதினேன். கூடாதவை: பால், ஐஸ்கிரீம், வாழைப்பழம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்தது எதுவும், பச்சையாகத் தின்பது, எண்ணெயில் பொரித்தது, நண்டு, இறால். நல்லவை: சூடாக அவித்த எல்லாம், அரிசிக் கஞ்சி, இஞ்சி, முள்ளங்கி, வாதுமைப் பருப்பு, பேரிக்காய். பாலைத் தவிர வெள்ளை நிறச் சாப்பாடு நெஞ்சுக்கு நல்லது என்பது அவருடைய கணக்கு. பேரிக்காய் குளிர்ச்சி, ஆனால் இஞ்சித் துண்டு போட்டு அவித்தால் அந்தக் குளிர்ச்சி அடங்கிவிடும் என்றார். கையில் தொட்டால் தெரிகிற சூடு வேறு, சாப்பாட்டின் குணத்தில் இருக்கிற சூடு வேறு என்பதை ஜீபிக்கு விளங்கப்படுத்தவே முடியாது. அம்மாவுக்கு அதை மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

நண்டில் மட்டும் தகராறு வந்தது. நண்டு சூடு, அதனால் கூடாது என்பது அம்மாவின் கட்சி. நண்டு கடும் குளிர், அதனால் கூடாது என்பது வைத்தியரின் கட்சி. நான் நடுவில் இருந்து இரண்டையும் மாறி மாறிச் சொன்னேன். கடைசியில் இருவரும் சிரித்துவிட்டார்கள். காரணம் எதுவானாலும் நண்டு வீட்டுக்கு வரக்கூடாது என்பதில் ஒத்துப்போனார்கள். நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ் என்றால் உயிரை விடுகிற அப்பாதான் இதில் நட்டப்பட்டவர். நண்டும் இறாலும் இல்லாத கூழை ஒருமுறை வாயில் வைத்துவிட்டு, "இது என்ன, ஆஸ்பத்திரிக் கூழோ?" என்று கேட்டார்.

அம்மாவை நான் அவ்வளவு உற்சாகமாக அதற்கு முன் கண்டதில்லை. பேரிக்காயை நடுவில் குடைந்து, இஞ்சியும் கற்கண்டும் வைத்து, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் வைத்து அவித்தார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பிட்டு எப்போதும் லேசாகப் பேரிக்காய் மணத்தது. தேங்காய்ப்பாலும் பால்தானா என்று ஒரு பெரிய சந்தேகம் வந்தது. அதைக் கேட்பதற்காகவே ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். வைத்தியர் யோசித்தார். கொஞ்சம் என்று விரல் நுனியைக் காட்டினார். அடுத்த முறை அம்மா ஒரு டப்பாவில் பிட்டும் முள்ளங்கி வெள்ளைக் கறியும் கொண்டுபோனார். வைத்தியர் எங்களுக்கு முன்னாலேயே சாப்பிட்டார். மணலைப் போல இருக்கிறது, ஆனால் நல்ல மணல் என்றார். அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அம்மா அதைப் பல நாள் சொல்லிச் சிரித்தார். இருவரும் தோழிகள் ஆகிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், என் ஊடாக.

பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் குளிர்ந்த பால் குடிக்க, நான் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தேன். மதியம் கஞ்சி. பக்கத்தில் இருந்தவள், அது சுவரில் காகிதம் ஒட்டுகிற பசையா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் ரோஷம் வரவில்லை. கடற்கரையை நினைத்துக்கொண்டு குடித்தேன்.

அது வேலை செய்தது. ஏப்ரல் கடைசியில் மூன்று கிழமையாக நீலப் பம்பைத் தொடவே இல்லை. மாடிப்படியில் ஓடி ஏறினேன். நெஞ்சில் விசில் இல்லை. கஞ்சியும் பேரிக்காயும்தான் செய்தனவா, குளிர்காலம் முடிந்ததா, மாதக்கணக்காக உள்ளே போன மண்ணிறப் பம்ப் செய்ததா என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றுக்கும் பங்கு இருந்திருக்கும். என் வயிறு முதல்தரமாக ஒழுங்காக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

"சொல்லு அவவுக்கு. மூண்டு கிழமையா நீலம் எடுக்கேல்லை எண்டு சொல்லு," என்றார் அம்மா. சொன்னேன். வைத்தியர் கைதட்டினார். பிறகு முகம் மாறி, முன்னால் சரிந்து, என்னைப் பார்த்தும் அம்மாவைப் பார்த்தும் நிதானமாகச் சொன்னார். உணவு மெதுவாகத்தான் வேலை செய்யும். மருத்துவமனை தந்த மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. தன்னுடைய சாப்பாடு அந்த மருந்துக்குத் துணை, அதற்குப் பதில் அல்ல. நல்லாக இருக்கும்போதுதான் எல்லோரும் நிறுத்துவார்கள், நீங்கள் நிறுத்த வேண்டாம்.

"என்னவாம்?"

நான் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை. ஒரு மூச்சு இருக்கலாம்.

"சாப்பாடு மெல்ல மெல்லத்தான் வேலை செய்யுமாம்."

அம்மா வைத்தியரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

அன்று பின்னேரமே அம்மா மண்ணிறப் பம்பையும் குடுவையையும் ஒரு பையில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார். "இனி இது தேவையில்லை. சாப்பாட்டிலேயே சரிவருது. அப்பாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம், அவருக்கு ஆயிரம் யோசினை," என்றார். பயணத்துக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அந்தக் கடிதத்தைப் பத்துத்தரம் வாசித்தேன்.

யுத்தம் முடிந்த அந்த மே மாதம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதை எழுத எனக்குத் தகுதி இல்லை. வீட்டில் சமையல் மட்டும் நடந்தது. அம்மா அழுதுகொண்டே இஞ்சி சீவினார்.

ஜூலையில், பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பெரியப்பாவின் மகளுக்குக் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற இடத்தில், சாமத்தியச் சடங்கு வந்தது. பிள்ளை பெரிதானதை ஊரைக் கூட்டி மண்டபத்தில் கொண்டாடுவது இங்கே வழக்கம் அல்லவா. இந்த வருடம் வேண்டாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மண்டபம் பிடித்தாகிவிட்டது என்றார் பெரியம்மா. ஒருவழியாக, பாட்டும் ஆட்டமும் இல்லாமல் அமைதியாகச் செய்வது என்று முடிவானது. பாட்டை நிறுத்தினார்கள். பெண் நடந்து வரும்போது இயந்திரத்தால் விடுகிற புகையை நிறுத்த யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆகவே ஒரு சத்தமும் இல்லாத மண்டபத்தில், உஸ் என்று இரைந்துகொண்டு, இடுப்பளவு வெள்ளைப் புகை எழும்பியது. நான் தட்டு ஏந்துகிற பிள்ளைகளில் ஒருத்தி. புகைக்கு நடுவில் நின்றேன். அதற்குச் சற்று முன்புதான் பெரியம்மா என் கையில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமைத் திணித்திருந்தார். "ஒரு நாளைக்குத் தின்னட்டும்" என்று அம்மாவும் கண்ணைக் காட்டியிருந்தார். பதினைந்து வாரமாகத் தின்னாதது. முழுவதையும் வழித்துத் தின்றேன்.

முதலில் தட்டு ஆடியது. பிறகு மூச்சு வெளியே போக மறுத்தது. இழுப்பது கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், விடுவதுதான் கடினம். நீலப் பம்ப் காரில் இருந்தது. ஆட்கள் கண்ணில் படாதிருக்க அங்கே வைத்திருந்தோம். கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் என் உதடு நீலமாகிவிட்டதாகப் பெரியம்மா இன்றும் சொல்லுவார். பயமாக இருந்ததா என்று கேட்டால், ஆம், மிகவும் பயமாக இருந்தது. செத்துப்போவேன் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் என் முகத்தில் ஒட்சிசன் முகமூடி போட்டிருந்தார்கள். மொழிபெயர்க்க முடியாது. நேர்ஸ் அம்மாவிடம், மண்ணிறப் பம்ப் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா ஆங்கிலத்தில் சொன்னார்: "ஸ்டொப். ஏப்ரல் ஸ்டொப். ஐ ஸ்டொப்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுறாய்? நிப்பாட்டினனியோ? ஆர் சொன்னது? அந்தச் சீனத்தியோ?"

அம்மா தலையைக் குனிந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

கடற்கரைக்கு நான் போகவில்லை. மற்றவர்கள் போன கிழமையில் நான் வீட்டில், ஒவ்வொரு காலையும் மாலையும், குடுவையில் வாயை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை அப்பா சீனக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். சாப்பிடும்போது அதைச் சொன்னார். "நிண்டு சாதிக்கிறா. நான் நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொன்னனான், வடிவாச் சொன்னனான், பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ எண்டுறா. என்ன துணிவு பார்! முகத்துக்கு நேர பொய்."

அப்பா என்னைக் கேட்கவில்லை. அம்மா சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

பெரியம்மாவின் வாய்க்குப் போன கதை லண்டன் முழுக்கப் போனது. சீனத்தி பிள்ளையின் மருந்தை நிறுத்தி உயிரை எடுக்கப் பார்த்தாள் என்பது அதன் கடைசி வடிவம். அம்மாவின் சொல்லைக் கேட்டு அங்கே போய்க்கொண்டிருந்த எங்கள் பெண்கள் போகாமல் விட்டார்கள். புரட்டாசியில் ஒருநாள் நான் பேருந்துக்குள் இருந்தபோது வைத்தியர் கடை வாசலில் நின்றார். என்னைக் கண்டு, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, எப்படி என்று கையால் கேட்டார். கோபமே இல்லாத முகம். நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வந்தது.

இத்தனை காலம் இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா ஐஸ்கிரீம் தின்ன விட்டதுதான் குற்றம் என்று தன்னையே நொந்துகொண்டபோதும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், எனக்கு முன்னாலேயே, பெரியம்மா புது மருமகளுக்கு அந்தக் கதையை மறுபடி சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்து தலையாட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும். வீதியைப் பார்த்தபடியே, அன்று வைத்தியர் சொன்னது முழுவதையும், நான் விட்டது எது என்பதையும் சொன்னேன்.

இரண்டு சிவப்பு விளக்குகளில் நின்று புறப்பட்டோம்.

"அது எனக்கு அண்டைக்கே விளங்கினதுதான்," என்றார் அம்மா. "ஹொஸ்பிற்றல் எண்டா. எவ்ரி டே எண்டா. நிப்பாட்ட வேண்டாம் எண்டு கையால காட்டினா. ஆறு வருசம் இந்த ஊரில இருந்தனான், அது விளங்காதோ?"

"பிறகேன் அவ்வளவுதானோ எண்டு என்னைக் கேட்டனீங்கள்?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ சொல்லேல்லை. சொல்லாதது எனக்கும் வசதியாப் போச்சு. பிள்ளை சொன்னதைத்தானே செய்தன் எண்டு மனசுக்குச் சொல்லிக்கொண்டு நிப்பாட்டிப்போட்டன்."

"அப்பாட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் முதல்ல உன்னையெல்லோ பிடிச்சிருப்பார். பிறகு என்னை." அம்மா கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல், மூடினார். "அந்த மனிசிதான் பாவம். கடைசி மட்டும் உண்மையைச் சொன்னது அவ ஒராள்தான்."

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை. தேடிப் பார்க்கலாம், இந்த ஊரில் யாரையும் கண்டுபிடிக்கலாம் என்று நான் சொன்னேன். தேடுவதற்காகக் கைத்தொலைபேசியையும் எடுத்தேன்.

"அவவின்ர பேர் என்னம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"நான் கேக்கேல்லையே," என்றார். "நீ எப்பவாவது கேட்டனியோ?"